அலுவலகத் தரவுகளைக் காப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

சிறு, நடுத்தர நிறுவனங்களின் கணினித் தரவுகளைச் சேமித்துக் காப்பது குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வெவ்வேறு சொற்களில், ஒரே ஐயத்தைத்தான் கேட்கின்றன: செலவு செய்து கருவி வாங்கியாகிவிட்டது, இனி கவலையின்றி இருக்கலாமா? பல ஆண்டு உழைப்பில் சேர்ந்த கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் சம்பந்தப்பட்டது என்பதால், சில கடிதங்களுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் நான்கு ஹார்டு டிஸ்க் கொண்ட நாஸ் பெட்டி (அலுவலக வலை வழியாக எல்லாக் கணினிகளும் பகிரும் சேமிப்புக் கருவி) ஒன்றை ரெய்டு 5 முறையில் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு போகாது, ஆகவே தனியாக பேக்கப் தேவையில்லை என்கிறார் விற்பனையாளர். ஆர்டர் விவரம், டிசைன், கணக்கு எல்லாம் அதில்தான் உள்ளன. அவர் சொல்வது சரியா?
– பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்

ஒரு டிஸ்க் போனால் தரவு தப்பும் என்பது சரி. அதனால் பேக்கப் வேண்டாம் என்பது தவறு; ஒரு நிறுவனத்தையே முடக்கக்கூடிய தவறு.

ரெய்டு எதற்காக வந்தது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். 1988இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, விலை குறைந்த பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்கின் வேலையை வாங்கலாம் என்று காட்டியது. டிஸ்க்குகளின் எண்ணிக்கை கூடக்கூட அவற்றுள் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும் என்பதால், ஒன்று போனாலும் வேலை நிற்காதபடி கூடுதல் தகவலையும் சேர்த்து எழுதும் ஏற்பாட்டை அவர்கள் வகுத்தார்கள். உங்கள் பெட்டியில் மூன்று டிஸ்க் அளவுக்குத் தரவும், ஒரு டிஸ்க் அளவுக்கு அந்தக் கூடுதல் தகவலும் நான்கிலும் பிரித்து எழுதப்பட்டிருக்கும். அதன் நோக்கம், டிஸ்க் பழுதான அன்றும் உங்கள் அலுவலகம் வழக்கம்போல் இயங்க வேண்டும் என்பது மட்டுமே.

பழுதான டிஸ்க்கை மாற்றியதும், பெட்டி மற்ற மூன்றையும் முழுமையாகப் படித்துப் புதியதை நிரப்பும். 8 டெராபைட் டிஸ்க் என்றால், நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் அதற்கு ஏறத்தாழ 15 மணி நேரம் பிடிக்கும். அலுவலகமும் அதே பெட்டியில் வேலை செய்துகொண்டிருந்தால் இன்னும் அதிகம். அந்த நேரத்தில் இரண்டாவது டிஸ்க்கும் போனால் எல்லாம் போயிற்று. நான்கு டிஸ்க்குகளும் ஒரே நாளில் வாங்கப்பட்டு, ஒரே வெப்பத்தில், ஒரே அளவு உழைத்தவை என்பதை நினைவில் வையுங்கள். பெரிய டிஸ்க்குகள் உள்ள பெட்டியாக இருந்தால், இடம் சற்றுக் குறைந்தாலும், இரண்டு டிஸ்க் பழுதைத் தாங்கும் ரெய்டு 6 முறையையே நான் பரிந்துரைப்பேன்.

ஆனால் ரெய்டின் எந்த வகையும் தொடவே முடியாத ஆபத்துகள்தான் அதிகம். ஊழியர் ஒருவர் ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பை ரெய்டு நான்கு டிஸ்க்கிலும் உடனுக்குடன் உண்மையாக நிறைவேற்றும். பணம் பறிப்பதற்காக ரான்சம்வேர் என்ற தீநிரல் கோப்புகளைப் பூட்டினால், பூட்டப்பட்ட கோப்புகளையே அது பத்திரமாகக் காக்கும். மின்னழுத்தம் எகிறி பெட்டியே கருகினாலும், திருடர் தூக்கிச் சென்றாலும், 2015 டிசம்பரில் சென்னையில் நிகழ்ந்ததுபோல் தரைத்தளத்தில் வெள்ளம் புகுந்தாலும், உள்ளே எத்தனை டிஸ்க் இருந்தது என்பது பொருட்டே இல்லை.

இது சிறு நிறுவனங்களின் சிக்கல் மட்டும் அன்று. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் உள்ள அரசுத் தகவல் மையத்தில், லித்தியம் பேட்டரியிலிருந்து கிளம்பிய தீயில், அரசு ஊழியர்கள் தங்கள் பணிக் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் அமைப்பு எரிந்தது. 858 டெராபைட் தரவு. அதற்கு வெளியே எங்கும் நகல் இருக்கவில்லை. அளவு மிகப் பெரியது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாடு ஒன்றின் அரசுக்கே அந்தக் காரணம் கைகொடுக்கவில்லை.

ஆகவே நாஸ் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். அது நல்ல கருவிதான். அதோடு மூன்று வேலைகளைச் செய்யுங்கள். பெட்டியை யு.பி.எஸ்.ஸுடன் யு.எஸ்.பி. கேபிள் மூலமும் இணைத்து, மின்சாரம் நின்று பேட்டரி குறையும்போது பெட்டி தானே முறையாக நிற்கும்படி அமையுங்கள். டிஸ்க் பழுதானால் உங்கள் மின்னஞ்சலுக்கு எச்சரிக்கை வரும்படி செய்யுங்கள். ஒரு டிஸ்க் போனது தெரியாமலேயே மாதக்கணக்கில் ஓடும் பெட்டிகள் உண்டு. மூன்றாவதும் முக்கியமானதுமான பேக்கப்பைப் பற்றி அடுத்த கேள்வியிலேயே பேசலாம்.

தினமும் இரவு டேலி கணக்கு மென்பொருளின் தரவை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் தானாகவே பேக்கப் எடுக்கும்படி அமைத்திருக்கிறோம். டிஸ்க் எப்போதும் சர்வரில் செருகியே இருக்கும். இது போதுமா?
– தணிக்கையாளர் அலுவலக மேலாளர், கும்பகோணம்

தினமும் எடுக்கிறீர்கள் என்பது பாராட்டத்தக்கது. எப்போதும் செருகியே இருக்கிறது என்பதுதான் குறை.

இன்றைய ரான்சம்வேர் ஒரு கணினிக்குள் புகுந்ததும், அந்தக் கணினியால் எட்டக்கூடிய எல்லா டிரைவ்களையும் தேடிப் பூட்டுகிறது. செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க் அதன் கண்ணுக்கு இன்னொரு டிரைவ், அவ்வளவே. பெரும்பாலான தாக்குதல்களில் விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய பதிப்புகளையும் முதலிலேயே அழித்துவிடுகிறார்கள். பேக்கப் இருந்தால் யாரும் பணம் தரமாட்டார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவர்கள் குறி வைப்பதே பேக்கப்பைத்தான்.

2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தீநிரல் உக்ரைனிலிருந்து கிளம்பி உலகெங்கும் பரவியபோது, டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மேர்ஸ்க், பிறகு சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. யார் எந்தக் கணினியில் நுழையலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் அவர்களுடைய மைய சர்வர்கள் உலகின் பல இடங்களில் இருந்தன; ஒன்று போனால் மற்றொன்று தரும் என்று, ஒன்றுக்கொன்று நகல் எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே வலையில் இணைந்திருந்ததால் எல்லாம் ஒன்றாகவே அழிந்தன. கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நடந்த வேளையில் அங்கே மின்வெட்டு. அந்த சர்வர் வலையிலேயே இல்லை. அதன் டிஸ்க்கை ஆள் வழியாக விமானத்தில் லண்டனுக்குக் கொண்டுவந்துதான் மீட்பு வேலையைத் தொடர்ந்தார்கள். மேர்ஸ்க்குக்கு மின்வெட்டு தற்செயலாகச் செய்து கொடுத்ததை நீங்கள் திட்டமிட்டுச் செய்ய வேண்டும்: ஒரு நகலாவது எந்த வலையிலும், எந்தக் கணினியிலும் இணையாமல் இருக்க வேண்டும்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதியைப் பலரும் கேட்டிருப்பீர்கள். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய விதி அது, இன்றைக்கும் பொருந்துகிறது. உங்கள் அலுவலகத்துக்கு அதை இப்படிப் பொருத்தலாம். சர்வரில் இருப்பது ஒன்று. இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளை வாங்கி, ஒன்றில் திங்கள், புதன், வெள்ளியும், மற்றொன்றில் செவ்வாய், வியாழன், சனியும் பேக்கப் எடுத்து, எடுத்து முடித்ததும் கழற்றி, அன்று வேலை இல்லாத டிஸ்க்கை அலுவலகத்துக்கு வெளியே, உரிமையாளர் வீட்டிலோ வங்கி லாக்கரிலோ வையுங்கள். டிஸ்க்கை விண்டோஸின் பிட்லாக்கர் போன்ற வசதியால் பூட்டிவிடுங்கள். வழியில் தொலைந்தாலும் உள்ளே இருக்கும் வாடிக்கையாளர் கணக்கு வெளியாகாது. பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் அச்சிட்டு, டிஸ்க் இருக்கும் இடத்தில் அல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். டேலி தரவைப் பூட்டும் டேலி வால்ட் கடவுச்சொல் போட்டிருந்தால் அதையும் அவ்வாறே எழுதி வைப்பது நல்லது. அந்தச் சொல் மறந்துபோனால் தரவைத் திறக்க வழி இல்லை.

இன்னொன்று. எல்லாரும் டேலியில் திறந்திருக்கும் நிறுவனக் கணக்கை மூடிய பிறகே நகல் எடுக்க வேண்டும். ஒருவர் வவுச்சர் பதிந்துகொண்டிருக்கும்போது தரவு ஃபோல்டரை அப்படியே பிரதி எடுத்தால், பாதிப் பதிவோடு ஒரு நகல் கிடைக்கலாம். அது பார்வைக்கு முழுமையாகவே தெரியும். திறக்கும்போதுதான் பிழை காட்டும்.

பேக்கப் மென்பொருள் தினமும் ‘வெற்றி’ என்று பச்சைக் குறி காட்டுகிறது. அதை நம்பலாமா? எங்களிடம் தனி ஐ.டி. பிரிவு கிடையாது.
– மருத்துவமனை நிர்வாக அலுவலர், மதுரை

நான் அதிகம் எழுத விரும்பும் கேள்வி இதுதான். திருப்பி எடுத்துப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

2017 ஜனவரி 31 இரவு, மென்பொருளாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். அவர்களுடைய தரவுத்தளத்துக்கு முதன்மை சர்வர் ஒன்றும் துணை சர்வர் ஒன்றும் இருந்தன. துணை சர்வர் பின்தங்கிவிட்டதால், அதிலிருந்த பழைய தரவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க நினைத்த பொறியாளர் ஒருவர், அழிக்கும் ஆணையை முதன்மை சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி. மட்டுமே மிஞ்சியிருந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான அதிர்ச்சி. நாள்தோறும் எடுக்கப்படுவதாக எல்லாரும் நம்பியிருந்த பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் அது நெடுநாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது; தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும், அனுப்புநரைச் சரிபார்க்கும் அமைப்பு ஏற்காததால், யாருக்கும் போய்ச் சேரவில்லை. வைத்திருந்த மற்ற ஏற்பாடுகளும் கைகொடுக்கவில்லை. சோதனை வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகல் மட்டுமே அவர்களைக் காப்பாற்றியது. அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. நடந்தவை அனைத்தையும் அந்நிறுவனம் ஒளிக்காமல் வெளியிட்டது. அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

திறமைசாலிகள் நிறைந்த இடத்திலேயே இப்படி நடக்கும் என்றால், ஐ.டி. பிரிவு இல்லாத மருத்துவமனை பச்சைக் குறியை நம்பி இருக்க முடியாது. பச்சைக் குறி, ‘எனக்குச் சொல்லப்பட்ட கோப்புகளை நகல் எடுத்தேன்’ என்பதை மட்டுமே சொல்கிறது. கடந்த ஆண்டு புதிய ஆய்வக மென்பொருள் வந்தபோது அதன் தரவு ஃபோல்டரை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை என்றால், அதைப் பற்றி அந்தக் குறி எதுவும் சொல்லாது.

சோதனையை இப்படிச் செய்யலாம். பொறியாளர் தேவையில்லை, அரை நாள் போதும். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்திலும் அலுவலக வலையிலும் இணையாத ஒரு கணினியை எடுத்து, அதில் உங்கள் மருத்துவமனை மென்பொருளை நிறுவச் சொல்லுங்கள். முந்தைய நாள் மாலை பணி முடியும் நேரத்தில் மூன்று விவரங்களைத் தாளில் குறித்து வையுங்கள்: கடைசியாகப் போட்ட பில் எண், அன்றைய மொத்த வசூல், கடைசியாகப் பதிவான ஆய்வக முடிவு. மறுநாள் பேக்கப் டிஸ்க்கிலிருந்து தரவை அந்தத் தனிக் கணினியில் ஏற்றி, மென்பொருளைத் திறந்து, தாளில் உள்ள மூன்றும் திரையில் உள்ளவையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஸ்கேன் படங்களில் பழையது ஒன்றும் புதியது ஒன்றும் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் இருப்பது போதாது, படம் தெரிய வேண்டும். ஏற்றத் தொடங்கியதிலிருந்து முதல் பில் போட முடியும் நிலை வரை எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் எழுதி வையுங்கள். சர்வர் விழுந்தால் எத்தனை மணி நேரம் கையால் சீட்டு எழுத வேண்டியிருக்கும் என்பதற்கான விடை அந்த எண்தான். அதைத் தலைமை மருத்துவரிடமும் வரவேற்புப் பகுதி ஊழியர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். சோதனை முடிந்ததும் அந்தக் கணினியில் ஏற்றிய நோயாளி விவரங்களை அழித்துவிட மறக்காதீர்கள்.

முதல் முறை எல்லாம் சரியாக இருக்காது. ஏதோ ஒரு ஃபோல்டர் விட்டுப்போயிருக்கும், அல்லது மென்பொருளின் உரிமக் குறியீடு யாரிடமும் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனை.

இன்று காலை இரண்டு கணினிகளில் எல்லாக் கோப்புகளின் பெயர்களும் மாறி, பணம் கேட்டு ஒரு குறிப்பு திரையில் நிற்கிறது. கழற்றி வைத்த பேக்கப் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்? பணம் கொடுக்கலாமா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

தங்களுக்குத் தொலைபேசியில் சொன்னதையே மற்றவர்களுக்கும் பயன்படும்படி இங்கே தருகிறேன்.

முதலில் வலை கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பாதித்தவை மட்டும் அல்ல, எல்லாக் கணினிகளிலும். நாஸ் பெட்டியின் கேபிளையும் கழற்றுங்கள். ஆனால் பாதித்த கணினியை ஃபார்மேட் செய்யாதீர்கள். பதற்றத்தில் பலரும் செய்வது அதுதான். தாக்குதல் எப்படி வந்தது என்பதற்கான தடயங்களும், பின்னாளில் கோப்புகளைத் திறக்கக் கிடைக்கும் வாய்ப்பும் அதோடு போய்விடும். திரையில் உள்ள குறிப்பைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கப் டிஸ்க்கை, எந்தச் சூழ்நிலையிலும், பாதித்த கணினியில் செருகாதீர்கள்.

அடுத்து, 1930 என்ற எண்ணுக்கு அழைத்தோ தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ புகார் பதியுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சி.இ.ஆர்.டி.-இன் (CERT-In) வெளியிட்ட 2022 ஏப்ரல் 28 ஆணைப்படி, இத்தகைய தாக்குதலைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். நிறுவனங்களுக்கு இது கட்டாயம். ஐரோப்பிய காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில், சில வகைப் பூட்டுகளைத் திறக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்களைத் தாக்கிய வகைக்கு இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவு இல்லை.

பணம் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கொடுத்தால் சாவி வரும் என்பதற்கும், வந்த சாவி எல்லாக் கோப்புகளையும் திறக்கும் என்பதற்கும் எந்த உறுதியும் இல்லை. அவர்கள் நகல் எடுத்துச் சென்ற தரவு அவர்களிடமேதான் இருக்கும். உங்களிடம் கழற்றி வைத்த பேக்கப் இருப்பதாக எழுதியிருப்பதால், கணினிகளில் விண்டோஸைச் சுத்தமாக நிறுவி, பாதிக்கப்படாத வேறு கணினியிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றி, அதன் பிறகே தரவை ஏற்றுங்கள். அவர்கள் நுழைந்த வழியைக் கண்டுபிடித்து அடைக்காமல் அவசரப்பட்டு ஏற்றினால், அடுத்த வாரமே மீண்டும் நுழைவார்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டபோது, தரவு மீட்கப்பட்ட பிறகும் பல நாள்கள் கையால் எழுதியே பணி நடந்தது. மீட்பில் பொறுமை தேவை.

6 டெராபைட் வரைபடங்கள் உட்பட எங்கள் எல்லாக் கோப்புகளும் கிளவுடில் தானாகவே ஒத்திசைந்துகொள்கின்றன. வேறு பேக்கப் வேண்டுமா?
– பம்ப் தயாரிப்பு நிறுவனத்தின் ஐ.டி. பொறுப்பாளர், கோயம்புத்தூர்

வேண்டும். ஒத்திசைவு என்பது இங்கே நடப்பதை அங்கேயும் நடத்துவது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பூட்டப்பட்டால் பூட்டப்பட்டதே மேலேறும். பழைய பதிப்புகளைச் சில நாள்கள் வைத்திருக்கும் வசதி இருக்கிறதா, எத்தனை நாள் என்பதை உங்கள் திட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி நிறுவனம் கூகுள் கிளவுடில் வைத்திருந்த அமைப்பு, கூகுள் தரப்பில் நேர்ந்த அமைப்புப் பிழையால் அழிந்துபோனது. அவர்கள் வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தார்கள். மீண்டு வர அது பெரிதும் உதவியது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று முற்றிலும் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். கிளவுட் என்பதும் எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கணினிதான். அது எந்தக் கட்டடம், நகல் வேறு ஊரில் இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு நடைமுறைக் கணக்கு: நொடிக்கு 50 மெகாபிட் பதிவேற்ற வேகமுள்ள இணைப்பில் 1 டெராபைட் ஏற்ற 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்களுடைய 6 டெராபைட் வரைபடக் கோப்புகளை அவசரத்தில் கீழிறக்க, இணைப்பு அதே வேகத்தில் இருந்தால், பதினோரு நாள் ஆகும். அன்றாடம் தேவைப்படும் வரைபடங்களுக்காவது கையெட்டும் தூரத்தில் ஒரு நகல் இருக்கட்டும். கிளவுட் நிர்வாகக் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டாயிற்றா என்பதை இதைப் படித்து முடித்த கையோடு பார்த்துவிடுங்கள்.

வீட்டிலிருந்தே அலுவலக நாஸ் பெட்டியைப் பார்க்க, ரூட்டரில் போர்ட் திறந்து கொடுத்திருக்கிறார் டெக்னீஷியன். பாதுகாப்பானதா?
– ஜவுளி வணிகர், ஈரோடு

இல்லை, இன்றே மூடச் சொல்லுங்கள். இணையத்துக்கு நேராகத் திறந்திருக்கும் பெட்டிகளைத் தேடும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற தாக்குதல், க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் இருந்த கோப்புகளை, கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 7-ஜிப் மென்பொருளாலேயே பூட்டிப் பணம் கேட்டது. அதே ஆண்டு ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகளை வைத்திருந்த பலர், உள்ளே இருந்தவை அனைத்தும் துடைக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். உற்பத்தியாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே புதுப்பிப்புகளை நிறுத்திவிட்ட கருவி அது. வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் வி.பி.என். என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக மட்டுமே பாருங்கள். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, ‘அட்மின்’ என்ற இயல்பான பெயரில் உள்ள கணக்கை முடக்கி, தினசரி வேலைக்கு அதிகாரம் குறைந்த வேறு கணக்கைப் பயன்படுத்துங்கள். பணியை விட்டுச் சென்ற கணக்காளரின் கணக்கு இன்னும் திறந்தே இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய பாஸ்வேர்டு வேறு யார் கையில் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம் அல்லவா?

கணக்குத் தரவை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்? பழைய கணினிகளையும் ஜெராக்ஸ் இயந்திரத்தையும் பழைய பொருள் வியாபாரிக்குக் கொடுக்கலாமா?
– தனியார் நிறுவன இயக்குநர், சேலம்

நிறுவனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்குக் காக்கச் சொல்கிறது. ஜி.எஸ்.டி. ஆவணங்களை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கணக்கை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கம்பெனிகள், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்ட் திருத்தத்திலிருந்து கட்டாயம். வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட விவரங்களைப் பொறுத்தவரை, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்தும் விவரங்களை உங்கள் தணிக்கையாளரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பழைய கணினியை அப்படியே கொடுக்காதீர்கள். கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் பெயர்ப்பட்டியல்தான் போகிறது. உள்ளடக்கம் டிஸ்க்கில் கிடக்கும், சாதாரண மென்பொருளாலேயே மீட்டுவிடலாம். சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் முழுப் பரப்பின் மீதும் ஒரு முறை எழுதி அழிக்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். சுழலும் பகுதி இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் அந்த முறை முழுப் பலன் தராது. தேய்மானம் சமமாகப் பரவ வேண்டும் என்பதற்காக அது தரவை உள்ளுக்குள் இடம் மாற்றி எழுதுவதால், மேலெழுதும் மென்பொருளின் கைக்கு எட்டாத பகுதிகள் அதில் உண்டு. உற்பத்தியாளர் தரும் பாதுகாப்பான அழிப்புக் கருவியையே நாட வேண்டும். பழுதாகி இயங்காத டிஸ்க்கை, சுழல் வகையானால் உள்தட்டுகளையும், எஸ்.எஸ்.டி. ஆனால் ஒவ்வொரு சிப்பையும் உடைத்து, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

ஜெராக்ஸ் இயந்திரத்தை நீங்கள் நினைவில் வைத்துக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பெரிய அலுவலக இயந்திரங்கள் பலவற்றுள் ஹார்டு டிஸ்க் உண்டு. பிரதி எடுத்த, ஸ்கேன் செய்த தாள்களின் படங்கள் அதில் தங்கியிருக்கலாம். அமெரிக்காவில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், வாடகைக்கு எடுத்த இயந்திரங்களை டிஸ்க்கைத் துடைக்காமலே திருப்பிக் கொடுத்தது. அவற்றுள் ஒன்றை வாங்கிய தொலைக்காட்சி நிறுவனம், உள்ளே நோயாளிகளின் விவரங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தது. 2013இல் அந்தக் காப்பீட்டு நிறுவனம் 12 லட்சம் டாலருக்கு மேல் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. உங்கள் இயந்திரத்தின் அமைப்புப் பட்டியலில் டிஸ்க்கை அழிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சர்வீஸ் பொறியாளரை வரவழைத்து, உங்கள் கண்ணெதிரே டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக்கொண்ட பிறகு இயந்திரத்தைக் கொடுத்துவிடலாம்.